திருவந்திபுரத்துக்கு மொட்டை போட வருகிறவர்களுக்கு

முதலில் தினசரி காலண்டரை எடுத்து வையுங்கள். பஸ் எத்தனை மணிக்கு, யார் யார் வருகிறார்கள், தாய்மாமனுக்கு லீவு கிடைக்குமா என்பதெல்லாம் அப்புறம். நீங்கள் நினைத்து வைத்திருக்கிற தேதித் தாளில் ‘சுபமுகூர்த்தம்’ என்று போட்டிருந்தால் அந்த நாளை விட்டுவிடுங்கள். அது வளர்பிறை முகூர்த்தமாக இருந்து, ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைந்துவிட்டால் கோபுரத்தைத் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு அப்படியே வீடு திரும்பலாம்.

ஏனென்றால் கடலூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயில்தான் எங்கள் பக்கத்துக் கல்யாணக் கோயில். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, புதுச்சேரி என்று சுற்றுவட்டாரத்தில் ‘தேவநாதன் சன்னதியில் தாலி கட்டுகிறோம்’ என்று வேண்டிக்கொள்ளாத குடும்பம் குறைவு. பெரிய முகூர்த்த நாளில் நூறு கல்யாணத்துக்கு மேலேயே நடக்கும். கொரோனா ஊரடங்கில் கோயில் சாத்தியிருந்தபோதுகூட, வெளியே சாலையில் நின்று தாலி கட்டிக்கொண்டு போனார்கள். அப்படிப்பட்ட நாளில் உங்கள் வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால், எந்த மேளம் எந்தக் கல்யாணத்துக்கு என்றே தெரியாத சத்தத்தில் பிள்ளை வீறிட்டு அழும். யார் மாப்பிள்ளை, யார் பெண் என்று தெரியாமல் யாரோ ஒரு ஜோடிக்கு நீங்களும் அட்சதை போட்டுவிட்டு வருவீர்கள்.

நான் பிறந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டை, வாழ்க்கைப்பட்டது கடலூர் மஞ்சக்குப்பம். இரண்டு பக்கத்து உறவுக்கும் திருவந்திபுரம் என்றால் எங்கள் வீடுதான் சத்திரம். மொட்டை, காது குத்து, பரீட்சைக்கு முன்னால் ஹயக்ரீவர் தரிசனம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

நாள் விஷயத்தை முடித்துவிடுவோம். செவ்வாய்க்கிழமையில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஆகவே கோயில் காலியாக இருக்கும். ஆனால் செவ்வாய், வெள்ளியில் முடி எடுக்கலாமா என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து கிளம்பும். வேண்டுதல் முடியை சுவாமி வாசலில் இறக்குவதற்கு நாள் கிழமை பார்க்க வேண்டாம் என்பது என் மாமியார் கட்சி. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேறு மாதிரி சொன்னால் அவர்களோடு வாதாடாதீர்கள். தேய்பிறையில் வருகிற திங்கள், புதன் என்று பார்த்துக்கொண்டால் இரண்டு கட்சிக்கும் சம்மதம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, தரிசனத்துக்கு அருமையான மாதங்கள் அவை. புரட்டாசியில் சனிக்கிழமைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு போக முடியாதவர்கள் இங்கே வந்து முடி இறக்குவது எங்கள் ஊர் வழக்கம், அதனால் புரட்டாசிச் சனிக்கிழமை காலையில் மொட்டைத் தலைகளுக்கு நடுவே உங்கள் பிள்ளையை அடையாளம் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

தப்பித்தவறி முகூர்த்த நாளிலேயே வந்து மாட்டிக்கொண்டீர்களானால், காலையில் முட்டி மோதாதீர்கள். பெரும்பாலான முகூர்த்தம் காலை பத்தரைக்குள் முடிந்துவிடும், அதன்பிறகு கூட்டம் கலைவதற்குள் நடை சாத்தும் நேரம் நெருங்கிவிடும். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் வாருங்கள். காலையில் கால் வைக்க இடமில்லாத பிராகாரம் அப்போது கழுவிவிட்டமாதிரி இருக்கும்.

அடுத்து, எங்கே இறங்குவது. சென்னையில் இருந்து ரயிலில் வருகிறவர்கள் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். நாங்கள் பேச்சில் ‘திருப்பாப்புலியூர்’ என்போம், போர்டில் முழுப்பெயர் இருக்கும். அடுத்த ஸ்டேஷன் கடலூர் துறைமுகம். ‘கடலூர்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு அங்கே இறங்கினால் முதுநகரில், ஊரின் அந்தக் கோடியில் நிற்பீர்கள். திருப்பாப்புலியூர் ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் பக்கம் பக்கம், நடந்தே போய்விடலாம்.

புதுச்சேரியில் இருந்து வருகிறவர்கள் ரயிலைத் தேட வேண்டாம். புதுச்சேரி லைன் விழுப்புரத்தில் இருந்து பிரிந்து வருவது, கடலூருக்கு நேர் தண்டவாளம் கிடையாது. பஸ்தான் வழி. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் தாண்டி, தென்பெண்ணை பாலத்தைக் கடந்தால் கடலூர். போக்குவரத்து நெரிசல் இல்லாத விடியற்காலையில் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆறு மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள், அதற்குப் பிறகு அரியாங்குப்பத்தில் ஊர்ந்துதான் போக வேண்டும்.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் இருந்து திருவந்திபுரம் மேற்கே ஐந்தாறு கிலோமீட்டர்தான். பாதிரிக்குப்பம், கே.என்.பேட்டை, பிறகு கோயில். டவுன் பஸ் இருக்கிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021-ல் இருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆட்டோவில் வருவதானால் ‘போக மட்டுமா, காத்திருந்து திரும்பக் கூட்டிவரவா’ என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். மொட்டைக்குப் போகிற குடும்பம் இரண்டு மணி நேரத்தில் திரும்பாது, காத்திருக்கிற ஆட்டோக்காரருக்கும் உங்களுக்கும் வீண் மனஸ்தாபம். திரும்பும்போது அங்கேயே வேறு வண்டி கிடைக்கும்.

இனி பை. கோயில் வாசலில் எல்லாம் கிடைக்கும் என்று கையை வீசிக்கொண்டு வருகிறவர்கள்தான் கடைசியில் துண்டுக்கு அலைவார்கள். குழந்தைக்கு மாற்று உடுப்பு இரண்டு, பெரிய துண்டு இரண்டு, தாய்மாமனுக்கு ஒரு மாற்றுச் சட்டை. அவர் மடியில்தான் பிள்ளை உட்காரப்போகிறது, முடியும் அவர் மேல்தான் விழும், கலவரத்தில் மூத்திரமும் அவர் மேல்தான். பிளாஸ்கில் வெந்நீர். புது பிளேடு ஒரு பாக்கெட், முடி எடுக்கிறவரே புதிதுதான் போடுவார் என்றாலும் கையில் இருந்தால் மனதுக்கு நிம்மதி. சந்தனத்தை வீட்டிலேயே கல்லில் இழைத்து ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவாருங்கள். கடையில் பொட்டலம் கட்டி விற்கிற சந்தனத் தூளில் என்ன வாசனை, என்ன சாயம் கலந்திருக்கிறது என்று தெரியாது. புதிதாக மழித்த பிஞ்சுத் தலையில் அதைக் குழைத்துப் பூசினால் சாயங்காலத்துக்குள் சிவந்து தடித்துப்போகும். அப்புறம் காதை மறைக்கும்படியாக ஒரு பருத்தித் தொப்பி. கல் உப்பு ஒரு பிடி, மிளகு ஒரு பிடி தனித்தனிக் காகிதத்தில். அது எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

ஏழு மணிக்குள் திருவந்திபுரம் வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முடி இறக்குகிற இடத்துக்கு நேராகப் போங்கள், சன்னதிக்கு அப்புறம் போகலாம். குழந்தை அப்போதுதான் பால் குடித்திருக்க வேண்டும், ஆனால் வயிறு முட்ட வேண்டாம். பசியோடு உட்காரவைத்தால் அழும், நிறையக் குடித்துவிட்டு அழுதால் கக்கும். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பாதீர்கள், தூங்குகிற பிள்ளைக்கு மொட்டை போடுவதுபோல் சுலபம் எதுவும் இல்லை.

அறநிலையத்துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்கு 2021-ல் இருந்து கட்டணம் இல்லை. முடி எடுக்கிறவருக்கு மகிழ்ச்சியாகக் கொடுப்பது உங்கள் விருப்பம், தாம்பூலத்தோடு வைத்துக் கொடுங்கள். பிளேடைப் பிடிக்கும் முன் தலையை நன்றாக நனைக்கச் சொல்லுங்கள், வெந்நீரைக் கலந்து நீங்களே ஊற்றுங்கள். நனைந்த முடி வழுவழுவென்று வரும், காயும் முடிதான் சிராய்க்கும். தாய்மாமன் ஒரு கையால் பிள்ளையின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை தாடையில். தலையைப் பிடிக்கிற வேலையை முடி எடுக்கிறவரிடம் விட்டுவிடுங்கள். சுற்றி நின்று ஆளாளுக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவது, ‘அங்க பாரு காக்கா’ என்று கத்துவது வேண்டாம். பிள்ளை ஒவ்வொரு குரலுக்கும் தலையைத் திருப்பும், பிளேடு வைத்திருக்கிறவர் பாடு திண்டாட்டம். அம்மா ஒருத்தி எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் போதும். வீடியோ எடுக்கிற மச்சான்மார்கள் மூன்றடி தள்ளி நிற்கவும்.

காது குத்தையும் அதே நாளில் வைக்கலாமா என்று கேட்பார்கள். செலவு மிச்சம்தான், தாய்மாமன் சீரும் ஒரே தட்டில் முடியும். பிள்ளைக்குத்தான் சிரமம். என்னைக் கேட்டால் ஒரு வயதுக் குழந்தைக்கு மொட்டை மட்டும் போதும், காதை ஆறு மாதம் கழித்து வீட்டுக்கே ஆசாரியை வரவழைத்துக் குத்திக்கொள்ளலாம். பெரியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லையா, சரி, மொட்டை முடிந்து குளிப்பாட்டி, பால் கொடுத்து, பிள்ளை சிரித்த முகத்துக்கு வந்த பிறகு குத்துங்கள். மொட்டை அழுகை அடங்குவதற்குள் அடுத்த அழுகையை ஆரம்பித்துவைக்காதீர்கள்.

குளிப்பாட்டுவதற்குக் கெடிலத்தை நம்பி வர வேண்டாம். வருஷத்தில் பாதி நாள் அது மணலும் நாணலும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் திடீரென்று கரை புரளும், அப்போது கிட்டவே போகக் கூடாது. பழைய கதையில் இந்த ஆற்றைக் கொண்டுவந்தவர் கருடன். பெருமாளுக்குத் தாகம், தீர்த்தம் கொண்டுவா என்று கருடனை அனுப்பினார். போனவர் வர நேரமாகிவிட்டது. ஆதிசேஷன் வாலால் பூமியில் ஓங்கி அடித்துத் தண்ணீரை வரவழைத்துவிட்டார். பிறகு கருடனும் தண்ணீரோடு வந்து நின்று, ‘நான் கொண்டுவந்தது என்ன ஆவது’ என்று வருத்தப்பட, பெருமாள் இரண்டையும் ஏற்றுக்கொண்டார். ஆதிசேஷன் கொண்டுவந்தது கோயிலுக்குள் சேஷ தீர்த்தக் கிணறு, கருடன் கொண்டுவந்தது வெளியே கருட நதி என்கிற கெடிலம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிற எல்லாத் தாய்க்கும் இந்த வழக்கு தெரிந்ததுதான்.

மொட்டை முடிந்து, குளித்து, சந்தனம் பூசியாயிற்றா, இப்போது கோயிலுக்குள் வாருங்கள். போனை அணைத்துப் பையில் போடுங்கள். கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவே போட்டிருக்கிறது. அரைக்கால் டிரவுசரோடு நிற்கிற அண்ணன் பிள்ளைகளுக்கு ஒரு வேட்டி எடுத்துவையுங்கள், ஒட்டிக்கொள்கிற வகை வேட்டியாக இருந்தால் அவிழும் பயமில்லை.

இது ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் ஒன்று. நடுநாடு என்று சொல்கிற எங்கள் பகுதியில் இருப்பவை இரண்டே, ஒன்று திருக்கோவிலூர், மற்றொன்று இது. திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரம் பாடியிருக்கிறார். மூலவர் தேவநாதன், நின்ற திருக்கோலம். மூவராகிய ஒருவன் என்று அவருக்கு ஒரு பெயர். கையில் தாமரை, சங்கு சக்கரம், நெற்றியில் மூன்றாவது கண் என்று பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவரும் ஓர் உருவில் நிற்பதாக ஐதீகம். அலங்காரத்தில் இதையெல்லாம் நீங்கள் நின்று தேட முடியாது. பட்டாச்சாரியார் தீபம் காட்டும்போது திருமுகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். வெளியில் இருந்து வருகிறவர்கள் நேராகப் பெருமாளிடம் ஓடுகிறார்கள். முதலில் செங்கமலத் தாயாரை சேவித்துவிட்டு வர வேண்டும். பெருமாளிடம் ஏதாவது கேட்பதாக இருந்தால் அம்மா வழியாகக் கேளுங்கள் என்பது பெருமாள் கோயில் முறை.

தீர்த்தம் வாங்கும்போது வலது உள்ளங்கையைக் குழித்து, கீழே இடது கையை வைத்து வாங்குங்கள், ஒரு சொட்டும் தரையில் சிந்தக் கூடாது. சடாரி என்கிற பெருமாள் திருவடிக் கிரீடத்தைத் தலையில் சாத்தும்போது குனிந்து, வாயைக் கையால் பொத்திக்கொள்ளுங்கள். குழந்தைக்கும் சாத்துவார்கள். சந்தனத் தலையில் அந்தக் குளிர்ச்சி பட்டதும் பிள்ளைகள் பெரும்பாலும் அழுகையை மறந்து மேலே பார்க்கும். அர்ச்சனை டிக்கெட்டை கவுன்டரில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘நான் கூட்டிப் போகிறேன், வரிசை வேண்டாம்’ என்று வாசலில் நெருங்கி வருகிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள். முகூர்த்தம் இல்லாத திங்கட்கிழமையில் வரிசையே இருக்காது, எதைத் தாண்டிக் கூட்டிப்போகப் போகிறார்?

உப்பும் மிளகும் சேஷ தீர்த்தத்துக்கு. தோலில் மரு, கட்டி, சொறி என்று உள்ளவர்கள் வேண்டிக்கொண்டு இந்தக் கிணற்றில் உப்பும் மிளகும் போடுவார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்களும் போட்டுவிட்டு வருவதுண்டு. போடுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும், கவரோடு போடாதீர்கள். காகிதத்தைப் பிரித்து உப்பையும் மிளகையும் மட்டும் கையால் தூவுங்கள், காகிதம் உங்கள் பைக்கே திரும்பட்டும். ஆதிசேஷன் அடித்து வரவழைத்த தண்ணீரில் பிளாஸ்டிக் மிதப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மரு நீங்க வேண்டிக்கொள்ளுங்கள், கூடவே தோல் டாக்டரையும் பாருங்கள். இரண்டுக்கும் சண்டை ஒன்றும் இல்லை.

எதிரே தெரிகிற சின்ன மலை ஔஷதகிரி. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகும்போது விழுந்த துண்டு என்பார்கள். மலை என்றதும் பயப்படாதீர்கள், படிகள் 74 தான். உச்சியில் லட்சுமி ஹயக்ரீவர். மொட்டை வேலை இல்லாமல் வருகிறவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும், வெயில் ஏறுவதற்கு முன்னால். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறுவதால், சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் படியில் கால் வைக்க முடியாது. முட்டி வலிக்காரர்கள் அவசரப்படாமல் ஓரமாக ஏறுங்கள். ஏறவே முடியாதவர்களைக் கீழே நிழலில் உட்காரவைத்துவிட்டு, மேலே இருந்து துளசி கொண்டுவந்து கொடுக்கலாம். என் நாத்தனார் ‘வந்ததுக்கு ஏறியே தீருவேன்’ என்பவர், அவரைப்போன்றவர்களோடு கூட ஒரு ஆள் போகட்டும்.

இந்த மலையில்தான் வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகன் உட்கார்ந்து கருட மந்திரம் ஜபித்தார், கருடன் தோன்றி ஹயக்ரீவ மந்திரம் உபதேசித்தார், பிறகு ஹயக்ரீவரே தரிசனம் கொடுத்தார் என்பது வரலாறு. 1268-ல் காஞ்சிபுரம் பக்கத்துத் தூப்புலில் பிறந்தவர். இந்த ஊரில் பல வருஷங்கள் வாழ்ந்து, தேவநாதனைத் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் பிராகிருதத்திலும் பாடியிருக்கிறார். அவர் வாழ்ந்த திருமாளிகை ஊருக்குள் இருக்கிறது, அங்கே ஒரு கிணறு உண்டு. ‘எல்லாக் கலையும் தெரியும் என்கிறாரே, ஒரு கிணறு கட்டட்டும் பார்ப்போம்’ என்று ஒரு கொத்தனார் சவால் விட்டு, கோணலும் மாணலுமான கற்களாகக் கொடுத்தாராம். அந்தக் கற்களை வைத்தே தேசிகன் கட்டிய கிணறு அது என்பார்கள். பெரும்பாலானவர்கள் மலையில் இருந்து இறங்கியதும் டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். கால்மணி நேரம் ஒதுக்கி அந்தக் கிணற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள், அதிலும் வீட்டில் கொத்து வேலை, கட்டட வேலை தெரிந்தவர்கள் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

ஹயக்ரீவர் கல்விக்கு தெய்வம். மாசி, பங்குனியில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் பேனாவோடும் ஹால் டிக்கெட்டோடும் வரிசையில் நிற்பார்கள். ஏலக்காய் மாலை சாத்துவது வழக்கம். மாலையை வீட்டிலேயே கோத்துக் கொண்டுவரலாம். ஏலக்காயை முந்தின ராத்திரி தண்ணீரில் ஊறவைத்தால் ஊசி சுலபமாக இறங்கும். கோக்கும் வேலையைப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளையிடமே கொடுங்கள், அந்த ஒரு மணி நேரமாவது போனைத் தொடாது. பிள்ளையைப் பரீட்சைக்கு முந்தின நாள் கூட்டிக்கொண்டு வராதீர்கள். படியேறி, வெயில் குடித்து, பஸ்ஸில் தூங்கி வழிந்து வீட்டுக்குப் போகிற பிள்ளை ராத்திரி என்ன படிக்கும்? தை மாதத்திலேயே வந்துவிட்டுப் போங்கள், ஹயக்ரீவர் மறக்க மாட்டார்.

சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வருவதே என் வழக்கம். மொட்டை போட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு ஓட்டலில் இலைக்காகக் காத்திருக்க முடியாது. புளியோதரையை ராத்திரியே கலந்து வைத்துவிடுங்கள், தயிர்சாதத்துக்குப் பாலை அதிகமாகவும் தயிரைக் கொஞ்சமாகவும் ஊற்றிப் பிசைந்தால் மத்தியானம் வரை புளிக்காது. மத்தியானம் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும்.

வேன் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் பண்ருட்டி பக்கத்துத் திருவதிகையையும் சேர்த்துக்கொள்ளலாம். இதே சாலை பாலூர் வழியாகப் பண்ருட்டிக்குப் போகிறது. வைகாசி, ஆனியில் வழியெல்லாம் பலாப்பழம் குவித்திருக்கும். பழத்தை முழுசாக வாங்காதீர்கள், வேனுக்குள் அந்த வாசனை மூன்று நாள் போகாது. சுளையாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கையை எண்ணெய் தடவித் துடைத்துக்கொள்ளுங்கள். திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில், திரிபுரம் எரித்த தலம், சிவன் வீரம் காட்டிய எட்டு வீரட்டானங்களில் ஒன்று. சமண சமயத்தில் இருந்த திருநாவுக்கரசர் சூலை என்கிற வயிற்று நோயோடு அக்கா திலகவதியாரிடம் வந்து சேர்ந்து, முதல் பதிகம் பாடியது அங்கேதான். ஆனால் மத்தியானம் அதுவும் சாத்தியிருக்கும். ஆகவே விடியற்காலையில் திருவதிகைக்கு முதலில் போய்விட்டு, எட்டரைக்கு திருவந்திபுரம் வருகிற மாதிரி வழியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருந்தால் இதெல்லாம் வேண்டாம், ஒரு கோயில் போதும்.

பஸ்ஸில் வந்தவர்களுக்கு நான் சொல்வது, மத்தியானம் கடலூருக்குத் திரும்பி யாராவது உறவு வீட்டில் பிள்ளையைத் தூங்கவையுங்கள். சாயங்காலம் திருப்பாப்புலியூர் பாடலீஸ்வரர். பஸ் ஸ்டாண்டில் இருந்து நடக்கிற தூரம். திருநாவுக்கரசர் கதையின் இன்னொரு பாதி இங்கே இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள், நமச்சிவாயப் பதிகம் பாடியபடி அந்தக் கல்லிலேயே மிதந்து வந்து கரையேறினார். கரையேறிய இடம் வண்டிப்பாளையம் பக்கத்துக் கரையேறவிட்ட குப்பம். சித்திரை மாதத்தில் அதற்கு ஒரு விழாவே எடுக்கிறோம். கரையேறியதும் நேரே வந்து பாடியது இந்தப் பாடலீஸ்வரரைத்தான். திருவதிகையில் இருந்து திருவந்திபுரம் வழியாக இங்கே வருகிற வரை எல்லாக் கோயிலுக்கும் ஆறு ஒன்றே, கெடிலம். தலமரம் பாதிரி. அம்பாள் பெரியநாயகிக்குத் தனிச் சன்னதி. பிரதோஷ நாளில் மட்டும் கூட்டம் தாங்காது, மற்ற நாளில் பிராகாரத்தில் பிள்ளையை விட்டுவிட்டால் தவழ்ந்து விளையாடும், நீங்கள் காலை நீட்டி உட்காரலாம். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும் போகலாமா என்று கேட்பார்கள். புது மொட்டையில் கடற்காற்றும் உப்பும் படுவது நல்லதல்ல, அடுத்த முறை வரும்போது போகலாம்.

புதுச்சேரி பஸ் ராத்திரி வரைக்கும் அடிக்கடி உண்டு, ஆனால் ஆறரை மணிக்கு மேல் வேலை முடிந்து போகிறவர்கள் கூட்டம். ஸ்டாண்டிலேயே ஏறி உட்கார்ந்தால்தான் சீட், மஞ்சக்குப்பத்தில் நின்று கை காட்டினால் நின்றுகொண்டுதான் போக வேண்டும். வேனில் வந்தவர்களுக்கு வேறு ஒரு எச்சரிக்கை. கன்னியக்கோயில் பக்கத்திலேயே புதுச்சேரி எல்லை, எல்லை தொடங்கும் இடத்திலேயே பிராந்திக் கடைகளும் தொடங்கும். காலையில் பயபக்தியோடு முடி இறக்கிய மச்சான்மார்களுக்கு அந்த இடத்தில் திடீரென்று ‘டிரைவருக்கு டீ வாங்கித் தரணும்’ என்று தோன்றும். டிரைவருக்குக் கடலூரிலேயே டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.